விரித்தால் சுவர், மடித்தால் கைப்பொருள்



வைத்தியசாலை வார்ட்டில் ஒரு தாயைப் பரிசோதிக்க டொக்டர் வரும்போது தாதி முதலில் என்ன செய்கிறார்? மூலையில் நிற்கும் துணி போட்ட சட்டத்தை இழுத்து வந்து கட்டிலைச் சுற்றி நிறுத்துகிறார். கொஞ்சம் கம்பி, கொஞ்சம் துணி, அவ்வளவுதான். ஆனால் அதை நிறுத்திய நேரம் முதல், ஆட்கள் நிறைந்த அந்த வார்ட்டுக்குள் அந்தத் தாய்க்கென்று ஓர் அறை கிடைத்துவிடுகிறது. வேலை முடிந்ததும் மடித்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அறை போய்விடுகிறது, வார்ட் மறுபடியும் வார்ட்டாகிறது.

இந்தச் சாமானை நம் ஊரில் 'ஸ்கிறீன்' என்றே சொல்வோம். மடிப்புத் திரை என்றும் சொல்லலாம். வைத்தியசாலையில் பார்த்துப் பழகிவிட்டதால் இது நோயாளிக்குரிய பொருள் என்றே நினைத்துவிட்டோம். ஆனால் யப்பான் நாட்டில் இதே பொருளை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டிலே வைத்திருக்கிறார்கள். அதில் மரமும் மலரும் ஆறும் மூடுபனியும் வரைந்து, உலகம் முழுவதும் விரும்பும் கலைப்பொருளாகவும் ஆக்கியிருக்கிறார்கள். அந்தத் திரையைப் பற்றியும், அது நமக்கு ஏன் தேவை, நம் கையால் எப்படிச் செய்யலாம் என்பது பற்றியும் இம்மாதம் பேசுவோம்.

ஒதுங்க இடமில்லாத வீடு

நம் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை, முஸ்லிம் குடும்பமானாலும் தமிழ்க் குடும்பமானாலும், மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும் என்பதே வழக்கம். வசதியுள்ள தாய்தகப்பன் புதிதாகக் கட்டிக் கொடுப்பார்கள். வசதியில்லாத தாய், தான் இருந்த வீட்டையே மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கப் பத்தியில் ஒதுங்கிக்கொள்வாள். யுத்தத்தில் உழைக்கிற ஆணைப் பறிகொடுத்த வீடுகளில் இந்த நெருக்கடி இரட்டிப்பானது. புது வீடு கட்டப் பணமில்லை. கலியாணம் முடித்த மகள், மருமகன், பரீட்சைக்குப் படிக்கும் இளைய மகள், வயதான உம்மா எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் எங்கே நின்று உடை மாற்றுவாள்? பச்சைக் குழந்தைக்கு எங்கே இருந்து பால் கொடுப்பாள்? சின்ன மகள் பெரிய பிள்ளையானால் எங்கே ஒதுங்குவாள்? இந்தக் கேள்விகளை எந்தப் படிவத்திலும் நாம் கண்டதில்லை. கூரைத் தகரம் எத்தனை, சீமெந்து எத்தனை பக்கற் என்றுதான் கேட்பார்கள்.

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறாள். யுத்த காலத்தில் விதவையானவர்களில் ஒற்றை அறைக் குடிசையில் இத்தா இருந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கயிற்றைக் கட்டி, பழைய சேலையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் அந்த நாட்களைக் கழித்தார்கள். காற்றடித்தால் சேலை பறக்கும். பிள்ளைகள் ஓடி வந்தால் கயிறு அறுந்து விழும். துக்கத்தோடு இருந்து அழுவதற்கும் ஓர் இடம் தேவை என்பதை அவர்கள் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தங்கினார்கள். அங்கேயும் தறப்பாளும் சேலையும்தான் சுவர். அனர்த்த காலத்தில் உலக நிவாரண நிறுவனங்கள் பின்பற்றும் 'ஸ்பியர்' என்ற கைந்நூல், கூரையின் கீழ் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடம் வேண்டும் என்கிறது. ஆறடிக்கு மூன்றடிப் பாய் இரண்டை அருகருகே விரித்தால் ஏறத்தாழ அந்த அளவு வரும். அந்த இடத்துக்குள்ளும் ஆண் பெண், குடும்பம் குடும்பமாக ஒதுங்குவதற்கு உட்தடுப்பு வேண்டும் என்பதையும் அந்நூல் வலியுறுத்துகிறது. ஆகவே ஒரு மறைப்புக் கேட்பது ஆடம்பரம் அல்ல. சோறு, தண்ணீர், கூரை என்று வரும் வரிசையிலேயே அதற்கும் இடமுண்டு.

காற்றைத் தடுக்கும் திரை

யப்பானியர் இந்தத் திரையை 'பியோபு' என்கிறார்கள். காற்றுக்கு மறைப்பு என்பது அச்சொல்லின் பொருள். அவர்களுடைய பழைய வீடுகளில் உட்சுவர்கள் குறைவு. பெரிய கூடத்தில் குளிர் காற்று நுழைந்துவிடும். அதைத் தடுக்கவும், ஒரு பெரிய இடத்தைத் தேவைக்கேற்பச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரிக்கவும் இந்தத் திரை உதவியது. சீனத்திலே தோன்றிய பொருள் இது. கொரியாவின் சில்லா அரசிலிருந்து 686ஆம் ஆண்டில் யப்பானிய அரண்மனைக்குத் திரைகள் அன்பளிப்பாக வந்ததை அந்நாட்டின் பழைய வரலாற்று நூல் குறித்து வைத்திருக்கிறது.

பழைய திரைகள் இன்றுவரை காப்பாற்றப்பட்டதற்கு ஒரு விதவைப் பெண் காரணம். 756ஆம் ஆண்டில் பேரரசர் ஷோமு காலமானார். அவருடைய மனைவி பேரரசி கோமியோ, நாற்பத்தொன்பதாம் நாள் நினைவின்போது கணவருடைய பொருட்களை நாரா நகரின் தோதைஜி என்ற பௌத்த ஆலயத்துக்குக் கொடுத்துவிட்டார். அப்போது எழுதிய பட்டியலில் நூறு மடிப்புத் திரைகள் இருந்தன. அவற்றில் சில பலகைகள் ஷோசோயின் என்ற களஞ்சியத்தில் இன்றும் இருக்கின்றன. மரத்தடியில் பெண்கள் நிற்கும் ஆறு பலகைகள் அவற்றுள் பேர் பெற்றவை. பறவை இறகுகளை ஒட்டி அலங்கரித்த அப்பலகைகளில் இறகுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன, கோடுகள் மிஞ்சியிருக்கின்றன.

பிறப்பிலும் இறப்பிலும் இந்தத் திரை பெண்ணின் பக்கத்தில் நின்றது. செல்வர் வீடுகளில் பிரசவ அறையைச் சுற்றி வெள்ளைத் திரை வைப்பார்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை நிறத்தாலேயே பைன் மரமும் மூங்கிலும் வரைந்திருப்பார்கள். வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் உடலின் தலைமாட்டில் திரையைத் தலைகீழாக நிறுத்துவது வழக்கம். நம்மிடையே நாற்பது நாள் காப்பில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சேலை கட்டி மறைப்பதும், மையித்தைக் குளிப்பாட்டும் இடத்தைச் சுற்றித் துணி பிடிப்பதும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? தேசம் வேறு, மார்க்கம் வேறு. ஆனால் மனிதருக்கு மறைப்புத் தேவைப்படும் நேரங்கள் ஒன்றாகவே இருக்கின்றன.

பலகைகளை இணைத்த தாள்

யப்பானியத் திரையின் உட்பாகம் மெல்லிய மரச்சட்டங்களால் ஆன கட்டம். அதன் மேல் பல அடுக்காகத் தாள் ஒட்டுவார்கள். அதனால் ஆளுயரத் திரையையும் ஒரு பெண் தனியாகத் தூக்கிவிடலாம். ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனிக் கரை வைத்து, ஓரத்தில் துளையிட்டு, கயிற்றால் கட்டினார்கள். பலகைக்குப் பலகை இடைவெளி இருந்ததால் ஒவ்வொன்றிலும் தனிப் படம்தான் வரைய முடிந்தது. ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டில் கயிற்றுக்குப் பதிலாகத் தாளாலேயே பிணைச்சல் செய்யக் கற்றுக்கொண்டார்கள். தாள் பட்டிகளை ஒரு பலகையின் முன்புறத்திலிருந்து அடுத்த பலகையின் பின்புறத்துக்கும், பின்பு அதற்கு எதிர்மாறாகவும் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். இடைவெளி மறைந்தது. ஆறு பலகையும் சேர்ந்து ஒரே படமாயிற்று. ஒரு மரக்கிளை முதலாம் பலகையில் புறப்பட்டு நான்காம் பலகைவரை நீளலாம் என்றாயிற்று.

அந்தப் படங்களை வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும், நாம் குர்ஆன் ஓதுவது போல. வலது ஓரத்தில் வசந்த காலம் தொடங்கினால் இடது ஓரத்தில் பனிக்காலம் முடியும். வருடம் முழுவதும் வீட்டுக்குள்ளே நிற்கும்.

இரண்டு திரைகளை மட்டும் சொல்கிறேன். ஹசெகாவா தோஹாகு என்ற ஓவியர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவர். அவருடைய மகன் கியூசோவும் நல்ல ஓவியர். 1593ஆம் ஆண்டில், இருபதுகளிலேயே, மகன் இறந்துவிட்டார். தோஹாகு வரைந்த 'பைன் மரங்கள்' என்ற சோடித் திரை இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்நாட்டின் தேசியச் செல்வங்களில் அதுவும் ஒன்று. கறுப்பு மை மட்டுந்தான். மூடுபனிக்குள் சில மரங்கள் தெரிகின்றன, சில மறைகின்றன. பலகையில் பெரும்பகுதி வெறுமையாகவே இருக்கிறது. மகனின் மறைவுக்குப் பின் வரைந்தது என்றே பலர் கருதுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த வெறுமையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மற்றது ஒகாதா கோரின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த 'ஐரிஸ் பூக்கள்'. தங்கத் தகடு ஒட்டிய பின்னணியில் நீலப் பூவும் பச்சை இலையும் மட்டும். அது தோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் உள்ளது. கோரின் கியோத்தோ நகரின் ஒரு துணி வியாபாரியின் மகன். அந்தத் திரையில் ஒரே வடிவான பூங்கொத்து திரும்பத் திரும்ப வருவதைக் கண்ட ஆய்வாளர்கள், துணியில் பூ அச்சடிப்பது போலத் தாளில் வடிவம் வெட்டி அதை வைத்து அவர் வரைந்திருக்கலாம் என்கிறார்கள். "எனக்குச் சித்திரம் வராதே" என்று சொல்லும் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்கு உதவும்.

இந்த இரண்டு திரைகளிலும் மனிதரோ மிருகமோ பறவையோ இல்லை. நம் வீடுகளில் உருவப் படம் மாட்டலாமா என்ற கேள்வி எழும் என்பதால் இதைச் சொல்கிறேன். ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் தொங்கவிட்டிருந்த உருவங்கள் உள்ள திரையை நபி (ஸல்) அவர்கள் விரும்பாததால், அதை வெட்டித் தலையணை ஆக்கிக்கொண்ட செய்தியை நாம் அறிவோம். படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியதும் ஹதீஸ் நூல்களில் உண்டு. ஆகவே வயலும் தென்னையும் வரைந்த திரை எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

நம் கடலைத் தொட்டுப் போன பெயர்

மடிப்புத் திரைக்கும் தமிழ்க் கரைக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சீனாவில் கறுப்பு அரக்குப் பூசிய பெரிய திரைகளைச் செய்தார்கள். பெரும்பாலும் பன்னிரண்டு பலகைகள். அரக்கைச் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் வர்ணம் தீட்டுவார்கள். ஆங்கிலேய, ஒல்லாந்த வியாபாரக் கம்பனிகளின் கப்பல்கள் அவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றபோது வழியில் தமிழ்நாட்டுப் பக்கத்துத் துறைமுகங்களில் இறக்கி ஏற்றின. அந்தக் கரைக்குச் சோழமண்டலக் கரை என்று பெயர். ஐரோப்பியர் வாயில் அது 'கொறமண்டல்' ஆயிற்று. திரைகளும் 'கொறமண்டல் திரை' என்றே பெயர் பெற்றன. இன்றும் உலக ஏலங்களில் அந்தப் பெயராலேயே விற்கிறார்கள்.

செய்தவர் சீனத்துத் தொழிலாளர். பெயர் வந்தது கப்பல் நின்ற துறையிலிருந்து. அரக்கைச் செதுக்கிய கைகளின் பெயர் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. கைத்தொழில் செய்யும் பெண்கள் இதை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் இழைத்த பாயும் நாம் நெய்த துணியும் கடைக்குப் போகும்போது யாருடைய பெயரில் போகின்றன என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

முகாமில் ஒரு திரை, கிரிந்தையில் ஒரு வீடு

இது பழங்கதை மட்டும் அல்ல. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி யப்பானின் கிழக்குக் கரையைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. மக்கள் பாடசாலை விளையாட்டு மண்டபங்களில் வரிசையாகப் படுத்துறங்கினார்கள். செல்வந்த நாடுதான். ஆனாலும் அங்கேயும் பெண்கள் போர்வைக்குள் ஒளிந்து உடை மாற்றினார்கள். ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர், கெட்டியான காகிதக் குழாய்களைத் தூணாக நிறுத்தி, வெள்ளைப் பருத்தித் துணியைத் தொங்கவிட்டு, ஊசி குத்தி மூடும் தடுப்புகளை அமைத்துக் கொடுத்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 1,800 தடுப்புகள். தடுப்பு இருந்தால் மேற்பார்வை செய்வது கஷ்டம் என்று சில பொறுப்பாளர்கள் முதலில் மறுத்தார்கள். பார்ப்பவருக்கு எது வசதியோ அது உள்ளே இருப்பவருக்கு வசதி ஆகாது என்பதை விளங்க வைக்க வேண்டியிருந்தது.

இதே ஷிகெரு பான் நம் நாட்டிலும் வேலை செய்திருக்கிறார். 2004 சுனாமியில் அழிந்த ஊர்களில் அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையும் ஒன்று. முஸ்லிம் மீனவர் வாழும் ஊர். அங்கே அவர் வடிவமைத்த 67 வீடுகள் 2007ஆம் ஆண்டில் நிறைவு பெற்றன. அழுத்திச் செய்த மண்கற்களால் சுவர். உட்தடுப்புகளுக்கும் தளபாடங்களுக்கும் நம் நாட்டு இறப்பர் மரம். ஊரவரிடம் கேட்டுத்தான் திட்டம் போட்டார்கள். வீட்டின் நடுவே கூரையுள்ள திறந்த இடம் ஒன்று உண்டு. அங்கே விருந்தாளி வந்தால் பெண்கள் தாம் விரும்பும்போது உள்ளே ஒதுங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். வீடு கட்டிக் கொடுக்க வருபவர்கள் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கிரிந்தை நல்ல உதாரணம்.

நாமே செய்யலாம்

இனி வேலைக்கு வருவோம். மூன்று பலகைத் திரை ஒன்றுக்கு வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

சட்டம்: ஒவ்வொரு பலகையும் ஐந்தரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம். ஒன்றரை அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள மரச்சட்டம் போதும். ஊரில் உள்ள ஓடாவியிடம் கொடுத்தால் செய்து தருவார். நான்கு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குறுக்கே மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். கீழ்ச்சட்டம் நிலத்திலிருந்து மூன்று அங்குலம் உயரத்தில் இருக்கட்டும். காற்றுப் போகும், ஈரம் ஏறாது, கூட்டவும் எளிது.

பிணைச்சல்: முதலாம், இரண்டாம் பலகைகளுக்கு இடையே பிணைச்சலை முன்புறத்திலும், இரண்டாம், மூன்றாம் பலகைகளுக்கு இடையே பின்புறத்திலும் பூட்டுங்கள். அப்போதுதான் வளைந்து வளைந்து நிற்கும். இணைப்புக்கு மூன்று பிணைச்சல் வையுங்கள். கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றிவிடும். பித்தளை நல்லது. அதற்கு வசதியில்லாவிட்டால் யப்பானியர் தாளில் செய்தது போலக் கெட்டியான துணிப் பட்டியை இரட்டையாகத் தைத்து, மாற்றி மாற்றி ஆணி அடித்துவிடலாம்.

நிரப்பு: இங்கேதான் நம் ஊரின் கைவண்ணம். மருதமுனைக் கைத்தறித் துணி இருக்கிறது. நம் கரையோரப் பெண்கள் இழைக்கும் பன்பாய் இருக்கிறது. துணியானால் மேலும் கீழும் மடித்துத் தைத்துக் கம்பி அல்லது மூங்கில் குச்சி கோர்த்துச் சட்டத்தில் மாட்டுங்கள். கழற்றிக் கழுவலாம். பாயானால் பின்னால் மெல்லிய மரப்பட்டி வைத்து ஆணி அடியுங்கள். மேலிரண்டு பங்கு துணி, கீழ் ஒரு பங்கு பாய் என்றும் செய்யலாம்.

படம்: பழைய எக்ஸ்றே தாள் அல்லது தடித்த மட்டையில் பூவையோ ஓலையையோ வரைந்து, பிளேட்டால் வெட்டி எடுங்கள். துணியின் மேல் அதை வைத்து, ஸ்பொஞ்சில் துணி வர்ணத்தைச் சிறிதளவே தொட்டு ஒற்றுங்கள். வர்ணம் கூடினால் தாளுக்கு அடியில் பரவிவிடும். நன்றாகக் காய்ந்த பின் மறுபுறத்தில் அயன் பிடியுங்கள். மூன்று பலகையையும் நிலத்தில் சேர்த்து விரித்து, ஒரே படமாகத் திட்டமிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். என்ன வரைவது? யப்பானியப் பூவைத் தேடிப் போக வேண்டியதில்லை. கடற்கரையில் படரும் அடம்பன் கொடி, தாழை, களப்போரத்துக் கண்டல், குளத்துத் தாமரை, சம்மாந்துறை வயல் பச்சையாக நிற்கும் காலமும் பொன்னாக விளையும் காலமும். வலப்பக்கம் விதைப்பு, இடப்பக்கம் அறுவடை என்று வைத்தால் நம்முடைய வருடமும் ஒரு திரைக்குள் வந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை: திரையை ஒரு போதும் நேராக விரித்து நிறுத்தாதீர்கள், விழுந்துவிடும். மடிப்பு இருந்தால்தான் நிற்கும். அடுப்புக்கும் குப்பி விளக்குக்கும் அருகில் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் பிடித்து ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பதானால்

வீட்டுக்கு ஒன்று செய்து கை பழகிய பின் விற்பனைக்கும் செய்யலாம். தனியார் டொக்டர்மாரின் மருத்துவ நிலையம், தையற்கடையில் உடுத்துப் பார்க்கும் இடம், மணப்பெண் அலங்கார நிலையம், பள்ளிவாசலில் பெண்கள் தொழும் பகுதி, அறுகம்பைப் பக்கத்து விடுதிகள் எல்லாவற்றுக்கும் இது தேவைப்படும். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒருவர் தைப்பார், ஒருவர் வர்ணம் ஒற்றுவார், ஒருவர் கணக்குப் பார்ப்பார். மாதர் சங்கத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.

விலை போடும்போது ஒரு கொப்பியில் எழுதுங்கள். மரம், பிணைச்சல், துணி, வர்ணம், ஓடாவி கூலி, வண்டிச் செலவு. அதோடு உங்கள் கைவேலை எத்தனை நாள், ஒரு நாளுக்கு எவ்வளவு கூலி என்றும் எழுத வேண்டும். பெரும்பாலான பெண்கள் இந்தக் கடைசி வரியை எழுதுவதே இல்லை. வீட்டிலே இருந்து செய்ததுதானே என்று விட்டுவிடுகிறோம். பிறகு சாமான் விற்றும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லையே என்று கவலைப்படுகிறோம். வியாபாரியும் மடிப்புத் திரையும் வளையாமல் நிற்க முடியாது என்று யப்பானில் ஒரு பழமொழி உண்டு. வாங்க வருபவரோடு இனிமையாகப் பேசுங்கள், கொஞ்சம் வளைந்தும் கொடுங்கள். ஆனால் கூலிக்குக் கீழே வளையாதீர்கள். வளைவு கூடினாலும் திரை விழுந்துவிடும்.

1977ஆம் ஆண்டில் திறந்த பொருளாதாரம் வந்து, இயந்திரத் துணி மலிவாக இறங்கிய பின் நம் நாட்டுக் கைத்தறி பட்ட அடி எல்லோருக்கும் தெரியும். மலிவில் இயந்திரத்தோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் மருதமுனைத் துணியில் நம் வயலையும் கடலையும் வரைந்த திரையை எந்த இயந்திரமும் செய்யாது. அதன் பின்பக்கக் கீழ் மூலையில் உங்கள் குழுவின் பெயரையும் ஊரின் பெயரையும் ஆண்டையும் சின்னதாக எழுதுங்கள். கொறமண்டல் திரைக்கு நடந்தது நம் திரைக்கு நடக்க வேண்டாம்.

யார் கையில் இருக்கிறது?

கடைசியாக ஒன்று. மறைப்பு என்றதும் சிலர் பெண்ணை மூலையில் வைப்பதற்கு ஒரு வழி கிடைத்தது என்று நினைக்கலாம். கூட்டத்தில் பேச வந்த பெண்ணைத் திரைக்குப் பின்னால் இரு என்று சொல்வதற்கு இந்தப் பக்கத்தை யாரும் சான்றாகக் காட்ட வேண்டாம். கல்லால் கட்டிய சுவர் ஒரு முறை கட்டினால் அப்படியே நிற்கும். மடிப்புத் திரை அப்படி அல்ல. அதை விரிப்பதும் மடிப்பதும் அதற்குப் பின்னால் இருப்பவளின் கையில் இருக்கிறது. உடை மாற்ற, பால் கொடுக்க, தொழ, படிக்க, அழ அவள் விரிக்கிறாள். வேலை முடிந்ததும் மடித்து வைத்துவிட்டு வெளியே வருகிறாள். அந்த உரிமை அவளிடம் இருக்கும் வரைதான் அது நல்ல திரை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. திரை பூட்டு ஆகாது. வீட்டுக்குள்ளோ வெளியிலோ ஒருவரால் அச்சம் இருந்தால் அதற்குத் துணியும் சட்டமும் பதில் அல்ல. கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், முற்றத்துக்கு வெளிச்சம் வேண்டும், நம்பிச் சொல்வதற்கு ஒரு பெண் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவதிலும் நாம் பின்நிற்கக் கூடாது.

இன்று உங்கள் வீட்டை ஒரு முறை சுற்றிப் பாருங்கள் சகோதரிகளே. அடுப்படி எல்லோருக்கும், விறாந்தை விருந்தாளிக்கு, அறை பிள்ளைகளுக்கு. உங்களுக்கென்று இரண்டு பாய் அகலம் எங்கே இருக்கிறது? இல்லையென்றால் மூன்று சட்டத்தோடு தொடங்குங்கள். செய்து முடித்தவர்கள் எங்களுக்கும் எழுதுங்கள். எந்த மரம் நின்றது, எந்த வர்ணம் கழுவியும் போகவில்லை என்று நீங்கள் எழுதுவது இன்னொரு சகோதரிக்கு உதவும்.